காலரில் எழுதிய வயது

உடுமலைப்பேட்டையிலிருந்து காலை நாலே முக்காலுக்குப் புறப்பட்ட திருப்பூர் பேருந்தில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். நான், ஒன்பது வயது மகள் மதுமிதா, ஆறு வயது மகன் சரண். நாலாவது ஆளாக என் தொப்பையையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அதற்குத் தனி இருக்கை கிடைக்காததால் சரணின் முதுகை முட்டிக்கொண்டு வந்தது.

2007 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து வருடா வருடம் நடத்தும் பெரிய ஓட்டத்துக்குப் போகிறோம். பந்தயம் இல்லை, சும்மா சந்தோஷத்துக்கு ஓடுவது என்று மதுவின் பள்ளியில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். தலைக்கு இருபது ரூபாய் கட்டினால் பனியன், வாழைப்பழம், மெடல் மூன்றும் இலவசம். கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்க, மாடிப்படி ஏறுனாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. நீங்க எதுக்குங்க ஓட்டத்துக்கு?"

நான் ஓடப்போவதில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மட்டும்தான் போகிறேன் என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் பொய்யாய்ப் போனது அது ஒன்றுதான்.

ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பல்லடம் வரும்வரை இருட்டுதான். அங்கே வண்டி நின்ற ஐந்து நிமிடத்தில் மூன்று ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். மது தூங்கவே இல்லை. ஒரு மாதமாகச் சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்து தேங்காய் மண்டி வரை ஓடித் திரும்பிப் பழகியவள் அவள்.

"அப்பா, மூணு கிலோமீட்டர்னா இங்கிருந்து எது வரைக்கும்?"

"அந்தா, அந்த டவர் உச்சியில சிவப்பு லைட் தெரியுது பாரு, அதையும் தாண்டி."

"பூ, அவ்வளவுதானா?" என்றாள். எனக்கு அந்த டவரைப் பார்த்ததுமே கால் வலித்தது.

ஆறேகால் மணிக்கு மைதானத்தில் இருந்தோம். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். ஐந்து, ஆறு வயதுக்கு மஞ்சள் பனியன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றினால் போதும். ஏழு, எட்டுக்குப் பச்சை. ஒன்பது, பத்துக்குச் சிவப்பு. குமரன் சாலையில் போய், நொய்யல் பாலம் தாண்டித் திரும்ப வேண்டும். மொத்தம் மூன்று கிலோமீட்டர். எல்லாமே வெளிநாட்டுப் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைத்த பனியன்கள். அந்த ஊர்களில் ஆறு வயதுப் பையன்களுக்கு வயிறு கிடையாது போலிருக்கிறது. சரணுக்குத் தலை நுழைந்தது, கை நுழைந்தது, அதற்குமேல் பனியன் இறங்க மறுத்துவிட்டது.

"அப்பா, மூச்சு முட்டுது!"

மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் பெரிய மஞ்சள் கேட்டேன். "எண்ணித்தானுங்க வந்திருக்குது சார். மாத்திக் குடுக்க வேற பனியன் இல்லீங்க" என்றார்.

சரி, குடும்பத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். மதுவின் சிவப்பைச் சரணுக்கும் சரணின் மஞ்சளை மதுவுக்கும் மாட்டினேன். மது ஒல்லி, மஞ்சள் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. சிவப்பு சரணின் வயிற்றைத் தாண்டி முழங்கால்வரை இறங்கியது.

"மஞ்சள் சின்னப் பசங்க கலருப்பா" என்றாள் மது.

"கலரா ஓடப்போகுது கண்ணு? கால்தான ஓடுது?" என்றேன். என் பேச்சை நானே ரசித்துக்கொண்டேன்.

ஆறரைக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம். சிறப்பு விருந்தினர் ஏழு ஐம்பதுக்கு வந்தார். அதுவரைக்கும் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, அவர் வரும்போது எப்படிக் கைதட்ட வேண்டும் என்று மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு குட்டிப் பெண் நின்றபடியே கால்சட்டையை நனைத்துவிட்டாள். மைக்கில் "இன்னும் சத்தமா தட்டுங்க" என்றார்கள். எனக்கு அங்கேயே காது சூடாகத் தொடங்கிவிட்டது.

பிறகு திடீரென்று எல்லாவற்றுக்கும் அவசரம். விசில் மாட்டிய இளைஞர் ஒருவர் பிள்ளைகளை நிறம் நிறமாகப் பிரித்தார். சரணின் தோளைப் பிடித்துச் சிவப்புக் கூட்டத்துக்குள் தள்ளினார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"தம்பி, அவன் சின்னவனுங்க. ஆறு வயசு. மஞ்சள்ல விடணும்."

அவர் சரணின் முகத்தைப் பார்க்கவில்லை. காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

"ஒம்பது-பத்துன்னு போட்டிருக்குதுங்களே சார்."

"அது பனியனோட வயசுங்க!"

"கலர் வாரியாத்தானுங்க விடச் சொல்லியிருக்காங்க. பேரண்ட்ஸ் எல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

"அண்ணா, நாந்தான் ஒம்பது" என்று மது முன்னால் வந்தாள். அவர் அவள் காலரையும் திருப்பினார். "அஞ்சு-ஆறு. நீ அங்க போ கண்ணு."

நான் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. முந்நூறு நானூறு சிவப்புப் பனியன்கள் ஒரே மூச்சில் வாசலை நோக்கிப் பாய்ந்தன. அதன் நடுவில் முழங்கால்வரை தொங்கிய ஒரு பனியன் தள்ளாடிப் போவதைப் பார்த்தேன். அடுத்த நொடி அதுவும் தெரியவில்லை.

கயிற்றைத் தாண்டினேன். என் உடம்புக்குத் தாண்டினேன் என்பது பெரிய வார்த்தை, கயிறுதான் அறுந்தது. "மது, அந்த மரத்தடியை விட்டு அசையாதே!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

குமரன் சாலையில் பாதியை அடைத்திருந்தார்கள். அதுவும் முன்னால் ஓடிய பிள்ளைகள் போகிறவரைக்கும்தான். அவர்கள் தலை மறைந்ததும் தடுப்பை நகர்த்தி வண்டிகளை விட்டுவிட்டார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு நடுவே துணி ரோல் ஏற்றிய டெம்போக்களும், பண்டல் கட்டிய மொபெட்டுகளும் புகுந்து போயின. எதிரில் ஓடிவந்த ஒவ்வொரு சிவப்புப் பனியனும் சரணாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆகிவிட்டது. இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தை மாட்டிவிட்டவனை நான் திட்டிய வார்த்தைகள் அச்சில் ஏறாது. டீக்கடையில் நின்ற ஒருவர், "விடாதீங்க சார், இன்னும் கொஞ்ச தூரந்தான்!" என்று எனக்குக் கைதட்டினார். நின்று அவரிடம் சண்டை போட மூச்சு இல்லை.

பாலத்தில் கண்டுபிடித்தேன். கீழே ஆறு அன்றைக்குச் சாயக்கழிவில் ஊதாவாக ஓடியது. கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சரண் உட்கார்ந்திருந்தான், முழங்காலில் ரத்தம். நீளப் பனியன் காலில் தட்டி விழுந்திருக்கிறான். மொடமொடப்பான சேலை கட்டிய ஒரு பெண் அவன் கையைப் பிடித்திருந்தார். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பேச்சு சாத்தூர்ப் பக்கம்.

"நீங்கதான் இவன் அப்பாவா? நல்லா இருக்கீக! பச்சப்புள்ளைய நடுரோட்டுல விட்டுட்டு எங்கன போனீக? அந்த டெம்போக்காரன் பிரேக் போடலன்னா என்ன ஆயிருக்கும்?"

"இல்லீங்க, பனியன் மாத்திப் போட்டதுல..."

"பனியன மாத்துனா புள்ளைக்கு வயசு கூடிருமாக்கும்?"

விசில்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என்னிடம் கேட்டுவிட்டார். மூச்சிரைக்க நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன். அவர் சரணின் தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்த்து ஒருமுறை முறைத்துவிட்டுப் போனார்.

திரும்பி நடக்கச் சரணால் முடியவில்லை. தூக்க என்னால் முடியவில்லை. ஆட்டோ பிடித்தேன், முப்பது ரூபாய். "ஓட்டத்துக்கு ஆட்டோவுல போறது நீங்கதானுங்க மொதல் ஆளு" என்றார் ஓட்டுநர். வேறொரு நாளாக இருந்தால் நானே சொல்லியிருக்கக்கூடிய ஜோக்.

மைதான வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். மெடல் கூடையோடு நின்ற ஒருவர் சரணின் சிவப்பைப் பார்த்து, "வெரிகுட்!" என்று ஒரு மெடலைக் கழுத்தில் மாட்டினார். ஆட்டோ அவருடைய கண்ணெதிரில் நின்றிருந்தது. மது மரத்தடியில் இருந்தாள். அவள் ஓடவே இல்லை. ஆனாலும் அவள் கையில் ஒரு மெடல் இருந்தது. மஞ்சள் பனியன் எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டார்களாம்.

எனக்குள் ஏதோ வெடித்தது. பேட்ஜ் குத்திய வெள்ளைச் சட்டைக்காரரைப் பிடித்தேன்.

"உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? ஆறு வயசுப் பையன டெம்போவுக்கு நடுவுல ஓட விட்டிருக்கீங்க. மனுசங்கதானுங்களா நீங்க?"

எங்கள் பக்கத்துத் தமிழில் கோபப்படுவதில் இதுதான் சிக்கல். எவ்வளவு கத்தினாலும் மரியாதை ஒட்டிக்கொண்டே வருகிறது.

"ஏனுங்க சத்தம் போடறீங்க?" என்றார் அவர். "கொழந்த நல்லாத்தானுங்க இருக்குது. ஆயிரக்கணக்குல பனியன் குடுத்திருக்கோம். ஒரு பீஸ் ஷார்ட்டேஜ் இல்ல, தெரியுங்களா?"

"பனியன் கொறையலீங்க. என்ற பையந்தான் கொறைஞ்சுட்டான்!"

"வந்துட்டானுங்கல்ல, அப்புறம் என்னங்க?" என்று சொல்லிவிட்டு, விருந்தினரின் காரை வழியனுப்பப் போய்விட்டார். மது தன் மெடலை மேசைமேல் வைத்தாள். சரண் தன்னுடையதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

பதினொரு மணிக்கு ஊர்ப் பேருந்து. கிளம்பியதுமே சரண் என் மடியில் தூங்கிவிட்டான். எங்கள் ஊர் மண்டியிலும் தரம் பிரிக்கிறார்கள். சிறுசு ஒரு குவியல், பெருசு ஒரு குவியல். அதற்குக்கூட ஒவ்வொரு தேங்காயையும் கையிலெடுத்துத் தட்டிப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்று நினைத்து நினைத்துப் பொருமிக்கொண்டு வந்தேன். மது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடத்துநர் வந்தார். மடியில் கிடந்தவனைக் குனிந்து பார்த்தார்.

"பையனுக்கு என்ன வயசுங்க?"

மது சடாரென்று திரும்பினாள். "ஆறு! அவனுக்கு ஆறு வயசு! எனக்கு ஒம்பது! பாத்தா தெரியலீங்களா?"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"சரி சாமி, சரி" என்றார் நடத்துநர், இரண்டடி பின்வாங்கி. "அரை டிக்கெட்டுக்குத்தான கேட்டேன்."

நான் அவளை அதட்டவில்லை. காலையிலிருந்து அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.