ஆயுத பூஜையும் ஐம்பது தோட்டாக்களும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு எழுத்துப் பழக்கம் என்றால் நோட்டு முழுக்க ‘ஓம் சரவணபவ’ எழுதிக் கோயிலில் கொடுப்பதுதான். இரண்டு முறை தொடங்கிக் கிழித்தும் போட்டேன். இந்தக் கிருத்திகையன்று விளக்கேற்றியதும் முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பொழிச்சலூரில் இருந்தோம். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். வேலை ஒரு கம்பெனியில், மனசெல்லாம் துப்பாக்கி சுடும் போட்டியில். லைசென்ஸ் உள்ள பிஸ்டல் ஒன்று வைத்திருந்தார். ஒரு குண்டு போனதும் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். கடைத் தோட்டா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று, அனுமதி வாங்கிக் கிளப்பிலேயே உட்கார்ந்து தன் கையால் தோட்டா தயாரிப்பார். அம்மா அப்பளம் இடுவதைவிட நிதானமாக அந்த வேலை நடக்கும் என்று கேள்வி.

அந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஆறு வருஷமாக அவர் காத்திருந்த போட்டி. ஐம்பது தோட்டா செய்திருந்தார். கொஞ்சத்தைச் சுட்டுப் பார்த்து, குறி ஒரே இடத்தில் விழுகிறதா, பிஸ்டல் சிக்காமல் ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டு, மீதியைப் போட்டிக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு. மறுபடி செய்ய நாளும் இல்லை, சாமானும் இல்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அம்மாவின் அரிவாள்மணை, அப்பாவின் ஸ்கூட்டர் சாவி, என் புத்தகப்பை எல்லாம் சாமி முன்னால் இருந்தன. மாமா பிஸ்டலைப் பூட்டிய பெட்டியோடு வைத்தார். பூட்டில்லாத தோட்டாப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, மூடியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு இட்டுவிட்டுக் கற்பூரம் தேடிச் சமையலறைக்குப் போனார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஸ்கூட்டருக்குப் பொட்டு ஸ்கூட்டர் மேல்தானே வைக்கிறோம்? அது நிற்கிற ஷெட்டுக்கா வைக்கிறோம்? மாமா ஜெயிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் முருகன் அருள் வேண்டும். மூடியைத் திறந்தேன். வரிசையாகப் பித்தளை வட்டங்கள், சின்னச் சின்ன முகங்கள் மாதிரி. ஒவ்வொரு முகத்துக்கும் சந்தனம் தடவினேன். ஐம்பதையும் முடித்த பிறகுதான், “அதைத் தொடவே கூடாதும்மா” என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பாவாடை நுனியைத் தண்ணீரில் நனைத்து அவசர அவசரமாகத் துடைத்து மூடிவிட்டேன். மாமா வந்தார், கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நான் கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, சுட்டுப் பார்ப்பதற்காக, வண்டலூரைத் தாண்டியிருந்த கிளப்புக்கு என்னையும் அம்மாவையும் கூட்டிப் போனார். கண்ணாடிக்குப் பின்னால், காதில் பெரிய மூடி மாட்டி உட்கார்ந்தோம். முதல் குண்டு போனது. இரண்டாவதில் பிஸ்டல் பாதி மூடியபடி நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்து மறுபடி ஏற்றினார். ஒன்று போகும், ஒன்று சிக்கும்.

சுடுவதை நிறுத்தியதும் காது மூடியைக் கழற்றிவிட்டு நாங்களும் பக்கத்தில் போனோம். அங்கே பொறுப்பிலிருந்த பெரியவர் குறிக் காகிதத்தைக் கொண்டுவந்து பார்த்தார். போன குண்டெல்லாம் ஒரு தட்டை முறுக்கு அளவுக்குள் அடங்கியிருந்தன.

“குறி சூப்பரா கீது தம்பி. துப்பாக்கிதான் திக்குது. பொண்ணு பாக்க வந்த மாப்ளை மாதிரி இன்னாத்துக்கு இப்டித் திக்குது?”

மாமா சிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்து ஒரு தோட்டாவைத் திருப்பிப் பார்த்தார். பிஸ்டலின் கொக்கி பிடிப்பதற்காக அதன் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஊசியால் அதைச் சுரண்டினார். மஞ்சளாகக் காய்ந்த பொடி உதிர்ந்தது. விரலை மோந்து பார்த்தார்.

“சந்தனம் சார்.”

“சந்தனமா? தோட்டாவுக்கு எவன்பா கல்யாணம் பண்ணி வச்சான்?”

நான் பாவாடை நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

“தொடச்சுட்டுச் சுடேன்டா,” என்றாள் அம்மா.

“ஈரத்துணியால தொடச்சிருக்குக்கா. உள்ள தண்ணி போயிருந்தா, குண்டு முழுசா வெளிய போகாம குழல்லயே நின்னுடும். அடுத்தது சுட்டா என் கையே போயிடும்.”

பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “யார் தொட்டது தம்பி? வூட்ல பசங்க கீறாங்களா?”

“யார் தொட்டா என்ன சார்? பூட்டாம வச்சுட்டுப் போனது நான். தப்பு என்னுது.”

அப்படியே ஒரு காகிதத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அழித்துவிடச் சொல்லிப் பெட்டியை அவரிடம் ஒப்படைத்தார். போட்டிக்கு யாரிடமோ கேட்டு வாங்கிய தோட்டாவோடு போனார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனால் குறி சிதறிவிட்டது. அணியில் இடம் கொஞ்சத்தில் தவறிவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணம், பிறகு நைட் ஷிஃப்ட், பிறகு பிள்ளைகள். அந்த அணிக்கு அவர் போகவே இல்லை.

நான் மாமாவிடம் சொல்லவில்லை. முருகனிடம் மட்டும் சொன்னேன். ஏழு செவ்வாய்க்கிழமை இனிப்பைத் தொடவில்லை. வைத்த பொட்டை அழித்ததால் அவனுக்குக் கோபம் என்று நினைத்தேன். மாமா என்னைக் காப்பாற்ற எல்லார் முன்னாலும் பொய் சொன்னார் என்றும் நம்பினேன். அந்தப் பொய்க்காகவே பெரியவளான பிறகும் அவர் மேல் தனிப் பிரியம்.

போன வருஷம் என் சின்னவன், அவன் அப்பாவின் பிரஷர் மாத்திரையை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டான். தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, துப்பிவிட்டிருந்தான். “பாட்டிலைத் தொறந்தானா இவன்?” என்று டாக்டர் கேட்டார். “மூடாம வச்சது நான்தான் டாக்டர், தப்பு என்னுது,” என்று என் வாய் சொன்னது. யாரையும் காப்பாற்றுவதற்காக நான் அதைச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதேன். மாமா அன்றைக்குப் பொய்யே சொல்லவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சந்தனத்தால் கெட்டது என்று சாமியைக் குறை சொல்லியோ, மாமாவை ஒரேயடியாகத் தியாகி ஆக்கியோ எதையும் சேர்க்காதீர்கள். அவர் சொன்னது ஒரே ஒரு வரி. அதை அவர் சொன்னபடியே சொன்னால் போதும்.