பெலற் மூட்டையை ஆர் தூக்கிறது?

எங்கள் வீட்டுப் பழைய எண்ணெய்ப் பொயிலர் இந்தக் குளிருக்குத் தாங்காது என்று திருத்த வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இனி பெலற், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த விறகுத் துண்டுகள், என்பதில் எனக்கும் இவருக்கும் ஒரே எண்ணம். பொயிலரா ஃபேர்னஸா என்பதில்தான் மூன்று வாரச் சண்டை. இவர் ஃபேர்னஸ் கட்சி. நான் பொயிலர்.

இன்று எங்கள் அஜின்கோர்ட்டிலிருந்து நகரத்தின் மறுபக்கம், மிசிசாகாவில் உள்ள கடைக்குப் போனோம். அங்கே விற்பனையாளராக நின்ற தமிழ்ப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அக்கா, வீட்டில ரேடியேற்றரோ, சூட்டுக் காத்து வாற குழாயோ?"

"ரேடியேற்றர்."

"அப்ப பொயிலர்தான். அது தண்ணியைச் சூடாக்கி ரேடியேற்றருக்கு அனுப்பும். ஃபேர்னஸ் எண்டால் காத்தைத்தான் சூடாக்கும். வீடு முழுக்கக் குழாய் போடவேணும்."

மூன்று வாரம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. நான் சிரிக்கவில்லை. அதற்கு நிறையப் பாடுபட்டேன்.

"பெலற் மூட்டை ஒண்டு நாப்பது இறாத்தல். கடுங்குளிர் எண்டால் ஒவ்வொரு நாளும் ஒண்டைக் கீழ பேஸ்மென்றுக்கு இறக்கவேணும். ஆர் தூக்கிறது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

இவர் யோசிக்கவேயில்லை.

"அது பிரச்சினை இல்லை. இவ ஜிம்முக்குப் போறவ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் பொயிலரைப் பார்த்தேன்.

பொயிலருக்கு ஓடர் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் இவரையும் என் ஜிம்மில் பதிந்துவிட்டேன். திங்கள் காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. இவருக்குத் தனியே போக வெட்கமாம், என்னோடு வரவும் வெட்கமாம்.

துணைக்கு வரக்கூடிய அண்ணைமார் இருந்தால் கீழே பின்னூட்டத்தில் சொல்லுங்கோ. சொந்த வீட்டில் மூட்டை தூக்காதவர்களுக்கு முன்னுரிமை.