மருந்தடித்த முருங்கை

எதிர்வீட்டு அடுப்படியில் ரஷீதா அக்கா இருந்தாங்க. மாசமா இருக்கிற அவங்க மருமகளும் இருந்தாள். வாசல்படியில் நான் நின்றேன்.

எங்கள் வீடு லாஸ்பேட்டையில். முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியதால், அன்று காலையில் மரம் முழுக்கப் பூச்சிமருந்து அடித்துவிட்டு பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கிளை தெருப்பக்கம் தொங்கும். அதில் யார் வேண்டுமானாலும் கீரை ஒடிப்பார்கள், கேட்க மாட்டார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கிளை ஒடிந்திருந்தது. ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே போனேன். எதிர்வீட்டில்தான் கீரை சட்டியில் வதங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அடுப்ப நிறுத்துங்க. மருந்தடிச்ச கீரை அது."

"ஏன்டா, பூச்சிக்கு வச்சியா, எங்களுக்கு வச்சியா?"

"தப்புதான்க்கா. யாராவது வாயில வச்சீங்களா?"

"உப்பு பாக்கச் சொல்லி இப்பதான் இவகிட்ட கரண்டிய நீட்டினேன்."

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயில் வைக்கவில்லை. கீரையைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

இப்போது அந்த மருந்தை வாங்குவதில்லை. பூச்சி அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் அடிக்கிறேன். அதையும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறேன். எங்கள் தெருவில் பதினொரு வீடு.