வாய்க்கால் தெருவில் எழுதிய இ

அவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் எழுத்து என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நகராட்சிக்காகச் சுவரில் எழுதுவது அவருடைய வேலை. வீட்டு எண், விளக்குக் கம்பத்து எண், தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' எல்லாம் அவர் கைதான். கடைசியாகச் சொன்னதை எழுதி முடித்து அவர் ஏணியை மடக்குவதற்குள் முதல் மூட்டை அதற்கு அடியிலேயே வந்து விழும். அதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை. எழுதச் சொன்னதை எழுதுவது தன் பாடு, அர்த்தம் ஆபீஸின் பாடு என்று முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

பயந்த மனுஷர். சாதாரணப் பயம் இல்லை, பிறவிப் பயம். ஆபீஸிலிருந்து 'வந்துட்டுப் போ' என்று சொல்லி அனுப்பினால் போதும், வழியில் இருக்கிற இரண்டு கோயிலிலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார். ஒருமுறை 'குடிநீர்' என்பதில் ஒரு புள்ளியை விட்டுவிட்டதற்காக விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதிலிருந்து எந்தச் சொல்லையும் மூன்று முறை வாசித்துப் பார்க்காமல் ஏணியை விட்டு இறங்க மாட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சைக்கிள் கடைக்கு மாடியில் வாடகை அறை. சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில், வாய்க்கால் தெரு இருபத்தேழாம் எண். அந்தக் குடும்பத்தில் சொந்தச் சுவர் என்று ஒன்று இருப்பது அக்காவுக்கு மட்டும்தான். கொத்தனாராக இருந்த மாமா, ஊருக்கெல்லாம் கட்டியது போக, லீவு நாட்களில் தன் கையாலேயே கட்டிய இரண்டு அறை வீடு. கட்டி முடித்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு, ஜன்னல் திரையும் தலையணை உறையும் தைத்து அக்கா காலத்தைத் தள்ளுகிறாள். முழங்கால் வலிக்காரி; மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் எட்டு அடி. அந்த எட்டு அடிதான் அவளுடைய உலகம்.

தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால், பெயருக்குத்தான் வாய்க்கால். மழை வந்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், கூப்பிடாத விருந்தாளி மாதிரி. அதை அகலப்படுத்தச் சொல்லி ஒன்பது வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தெரு. மனுவை எழுதுவதும், கையெழுத்து வாங்குவதும், ஆபீஸ் வாசலில் தவம் கிடப்பதும் இருபத்தெட்டாம் எண் கண்ணாடிக் கடைக்காரர். அக்காவுக்குப் பக்கத்துச் சுவர். வீட்டின் முன்பக்கமே கடை. முகம் பார்க்கும் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் வெட்டிக் கொடுப்பார். எழுத்துவை விடப் பத்து வயது மூத்தவர். "வா எழுத்து, உன் மூஞ்சிய நீயே பாரு, ஏன் இப்படி பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவருடைய வரவேற்பு.

ஒன்பதாவது வருஷம் மனு பலித்தது. வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அகலப்படுத்த வேண்டுமானால் எதையாவது இடிக்க வேண்டுமே என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய அன்றிலிருந்து தெருவில் யாருக்கும் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் கிளார்க் எழுத்துவிடம் ஒரு தாளை நீட்டினார். வாய்க்கால் தெருவில் இருக்கும் நாற்பத்தெட்டு வீடுகளில் முப்பத்தொன்றின் எண்கள். தலைப்பில் ஒரே ஓர் எழுத்து: இ.

"இந்த நம்பர் வீட்டுக்கெல்லாம் வாசல் பக்கம் சிவப்புல இ போட்டுடு. ஒரு அடி உயரம். நாளைக்கு மேஸ்திரி வந்து எண்ணுவாரு, முப்பத்தொண்ணு இருக்கணும்."

"இ-ன்னா என்னங்க சார்?"

"அது உனக்கெதுக்கு? எழுதச் சொன்னா எழுது. முடிச்சதும் லிஸ்டைத் திருப்பிக் குடுத்துடணும், யார் கையிலயும் குடுக்கக் கூடாது."

இரண்டாவது கேள்வி கேட்கும் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் சுவரில் எழுதும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. 'இலவச இணைப்பு குடுப்பாங்களோ' என்றான் ஒரு வேன் டிரைவர். 'ஆமா, உனக்கு இலவசமா எலும்பை எண்ணுவாங்க' என்று முடிவெட்டுகிறவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டில் சிரிப்பு நின்றது. ஒரு அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "இ-ன்னா இடிக்கறதுதானே?"

பயந்தவன் வாயில் 'இ' என்று ஆரம்பித்தால் வேறென்ன சொல் வரும்? எழுத்துவுக்கும் அதே சொல்தான் வந்தது. ஏணியில் நின்றபடியே தாளைப் பிரித்துக் கடைசிவரை பார்த்தார். பத்தொன்பதாவது வரியில் இருபத்தேழு இருந்தது. மூன்று முறை வாசித்தார். மூன்று முறையும் இருபத்தேழுதான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு வாளித் தண்ணீர் வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டு, மற்ற வீடுகளுக்கெல்லாம் எழுதினார். இருபத்தேழுக்கு வந்தபோது மணி மூன்று. அக்கா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னடா தம்பி, எனக்கும் உண்டா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"உனக்கு இல்லக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மெஷின் மேல் வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதையும் சொல்ல அவரால் முடியவில்லை.

ஆனால் நாளைக்கு மேஸ்திரி வந்து எண்ணுவாரே. முப்பதுதான் இருக்கும். ஒன்று எங்கே என்று தாளை எடுப்பார்கள், இருபத்தேழு என்று பார்ப்பார்கள், வேறு யாரையாவது விட்டு எழுதிவிடுவார்கள், தன் வேலையும் போகும். முப்பத்தொன்று வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் யார் எண்ணைப் பார்க்கப் போகிறார்கள்? பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் எங்கோ ஜன்னல் பொருத்தப் போயிருந்தார். தாளில் இருபத்தெட்டு இல்லை.

எழுத்து அக்கம்பக்கம் பார்த்தார். அப்புறம் பிரஷ்ஷைத் தோய்த்தார். ஒரு அடி உயரத்துக்கு, எந்தக் கோணலும் இல்லாமல், இருபத்தெட்டாம் எண் வீட்டுச் சுவரில் ஓர் இ எழுதினார்.

மறுநாள் மேஸ்திரி வந்து எண்ணினார். முப்பத்தொன்று. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாட்களை எழுத்து எப்படிக் கழித்தார் என்பது அவருக்கே தெரியாது. குறி விழுந்த வீடுகளில் ஜன்னலைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நிலைக்கதவைப் பெயர்த்து அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார் ஒருவர். குறி விழாத பதினேழு வீட்டுக்காரர்கள் வாய்விட்டுச் சந்தோஷப்படவும் முடியாமல் நமட்டுச் சிரிப்போடு திரிந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டினார். கடையில் பார்க்க ஒரு முகமும் இல்லாமல் போயிற்று. அவருடைய மனைவி வாசலில் உட்கார்ந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துவின் தோளில் கை வைத்தார்.

"எழுத்து, ஒன்பது வருஷம் நாயா அலைஞ்சு மனு குடுத்தேன். என் தலையிலயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன் பாத்தியா? நீ ஆபீசுக்குள்ள போறவன், என் நம்பரு எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்."

"கேக்கறேண்ணே."

எப்படிக் கேட்பார்? கேட்டால் தாளை எடுப்பார்கள். தாளை எடுத்தால் அக்கா வீடு. ஆபீஸ் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்வந்தார். அக்கா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. "உனக்கென்னடா வந்துச்சு, நம்ம வீடுதான் தப்பிச்சுடுச்சே" என்பாள் அவள். பக்கத்து வீட்டிலிருந்து எதையாவது கழற்றும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் எழுத்துவின் தோள் குலுங்கும். பாவம் செய்தவனின் பயம் தனி ரகம். எதிரே வருகிறவனெல்லாம் கேட்க வருகிறவனாகவே தெரிவான்.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நகராட்சி மண்டபத்தில் கூட்டம். தெரு மொத்தமும் வந்திருந்தது. அக்காவையும் ஒருவர் வண்டியில் அழைத்து வந்திருந்தார். வாய்க்கால் வேலைக்குப் புதிதாக வந்த இன்ஜினியரம்மா, சின்ன வயசு, மேஜையில் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார்.

"இ போட்ட வீட்டுக்காரங்க யாரும் பயப்பட வேண்டாம். இ-ன்னா இருக்கலாம். உங்க வீடு அப்படியே இருக்கலாம், தொட மாட்டோம். குறி இல்லாத பதினேழு வீடு மட்டும் காலி பண்ணணும்."

பின்னாலிருந்து முடிவெட்டுகிறவர் எழுந்தார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஜன்னலையெல்லாம் கழட்டிட்டோமே!"

"இடிக்கிற வீட்டுக்குக் குறி போட்டா கூட்டம் கூடும்னு மேலிடத்துல சொன்னாங்க. அதனால நிக்கிற வீட்டுக்குப் போட்டாங்க" என்றார் அவர். சொல்லும்போதே அது எவ்வளவு கோமாளித்தனம் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வெடித்தன. கண்ணாடிக் கடைக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து எழுத்துவைக் கட்டிப்பிடித்தார். எழுத்துவின் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தக் கைதாண்டா எனக்கு எழுதுச்சு. இந்தக் கை நல்லா இருக்கணும்." எழுத்து கையை உருவிக்கொண்டு அக்காவிடம் போனார்.

அவள் அழவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எங்கிட்ட மட்டும் சொல்லு. என் நம்பரு லிஸ்ட்ல இருந்துச்சா?"

ஆமாம் என்று அவர் தலையை அசைத்தார்.

"அப்ப எனக்குப் போட வேண்டியதை எங்க போட்டே?"

அவர் கண் தன்னையறியாமல் கூட்டத்துக்குள் போயிற்று. அவள் பார்வை மெதுவாகத் திரும்பியது. அங்கே கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் மாறுவதை எழுத்து பார்த்தார். வீடு போகிறது என்று கேட்டபோதுகூட அது அப்படி மாறவில்லை.

"இடின்னு நெனச்சா அவருக்குப் போட்டே?" என்றாள். "அடப்பாவி."

இன்ஜினியரம்மா ஃபைலை மூடிக்கொண்டிருந்தார். இன்றைக்கே உத்தரவு கையெழுத்தாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எழுத்து மேஜைக்குப் போய், இருபத்தேழைப் பார்க்கச் சொன்னார். அந்தம்மா விரலால் வரிசையில் தேடினார்.

"இருபத்தேழு இருக்கே. இருபத்தெட்டுதான் இல்ல. மாத்தி எழுதிட்டீங்களா? சரி, பக்கத்துப் பக்கத்து வீடு, கை தவறிடுச்சுன்னு குறிச்சுக்கறேன். இன்னிக்கே அழிச்சுட்டு மாத்தி எழுதிடுங்க."

கண்ணாடிக் கடைக்காரர் எப்போதோ பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் அந்த மனுஷர் சொன்னார்:

"போனாப் போவுது எழுத்து. கை தவறுறது யாருக்கும் உள்ளதுதான். நீ வேணும்னா செஞ்சே?"

இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். வேலை நிலைக்கும், இருபத்தாறு வருஷப் பழக்கம் நிலைக்கும். ஆபீஸே எழுதிக் கொடுக்கிற பொய். எழுத்துவின் கழுத்து அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் அக்கா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை தவறல அண்ணே" என்றார். "வேணும்னேதான் போட்டேன்."

"என்ன சொல்றே?"

"இடின்னு நெனச்சேன். எங்க அக்கா வீடு தப்பிக்கட்டும்னு உங்களுக்குப் போட்டேன்."

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

மத்தியானம் எழுத்து வெள்ளைச் சுண்ணாம்பு டின்னோடும் ஏணியோடும் இருபத்தெட்டாம் எண் வாசலுக்குப் போனார். அக்கா தன் வாசலில் நின்றிருந்தாள்; உள்ளே வா என்று சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். ஏணியைச் சாத்தியதும் எழுந்து வந்து, டின்னுக்காகக் கையை நீட்டினார்.

"குடுங்க, நான் அழிச்சுக்கறேன். நீங்க போங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுத்துவை 'நீங்க' என்றது அன்றைக்குத்தான்.