ஏசுவடியான் உபதேசியாரின் தலைக்குமேல்

எங்கள் ஊர்ச் சபைக் கோயிலைப் பவளக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவர் ஒரு ஸ்காட்லாந்து வியாபாரி. அவர் நாட்டில் ஆராதனை என்றாலே பிரசங்கம்தானாம். அதனால் பிரசங்க மேடையை நட்டநடுவே ஆளுயரத்துக்கு நிறுத்தினார். குரல் கூரைக்குப் போகாமல் சபைமேல் விழட்டும் என்று, மேடைக்குமேல் தேக்கில் பெரிய குடை ஒன்று செய்து, உடைந்த கப்பலின் சங்கிலியில் தொங்கவிட்டார். குரலைத் தவிர வேறெதுவும் விழக்கூடும் என்று அவர் நினைக்கவில்லை.

1973இல் இங்கே வந்த ஏசுவடியான் உபதேசியார் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். முதல் ஞாயிறே, விரித்த வேதபுத்தகத்தில் சிவப்பாக ஏதோ உதிர்ந்தது. ஊதினார். மறுபடி உதிர்ந்தது. அண்ணாந்தார். உப்புக்காற்று தின்ற சங்கிலி! அன்றிலிருந்து பிரசங்கம் தேய்ந்து பத்து நிமிடமாயிற்று. சபைக்கு ஆனந்தம், கறி ஆறுமுன் வீட்டுக்குப் போனார்கள். முன்பெஞ்சில் அவர் மனைவி ஜெயபாய் மட்டும் ஜெபத்திலும் கண் மூடாமல் சங்கிலியையே பார்த்திருப்பார்.

உபதேசியார் கமிட்டியில் முறையிட்டார்.

"நூறு வருசமா தொங்குது. உங்களுக்காகவா விழப் போகுது?" என்றார் செயலாளர் வில்பிரட்.

"அப்ப கீழ நின்னு பேசுதேன் சார்."

"மேல இருந்து வந்தாத்தான்வே அது வசனம். விசுவாசம் வேணும்!"

நூற்றாண்டு விழாவில் வில்பிரட்டே மேடையேறிக் கோயில் வரலாறு வாசித்தார். "அசையாத இந்தக் குடை..." என்ற இடத்தில் அவர் வழுக்கையில் துரு உதிர்ந்தது, மேலே கிறீச்சென்றது. மிச்ச வரலாற்றை அப்படியே விட்டு "ஆமென்" என்று இறங்கினார். கமிட்டி கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: இனி உபதேசியாரைத் தவிர யாரும் மேடையேறக் கூடாது.

அடுத்த ஞாயிறு கமிட்டியார் கடைசி பெஞ்சுகளில் இருந்தார்கள். வெளியே காற்று. உபதேசியார் சங்கிலியை அண்ணாந்து பார்த்தபடியே ஏறினார். சங்கிலி முனகியது. ஜெயபாயின் முகம் வெளுத்தது.

"எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்போம்."

மூடினார்கள். வெறுங்கால்கள் ஓசையின்றிப் படியிறங்கின. "ஆமென்" ஜெயபாயின் பக்கத்திலிருந்து கேட்டது.

"மேல ஏறும்வே!" கத்தினார் வில்பிரட்.

"நீங்க முன்னால ஏறுங்க சார், பின்னால வாரேன்."

ஒருவரும் அசையவில்லை. உபதேசியார் தரையில் நின்று முழுதாக ஒரு மணி நேரம் பேசினார். ஊரெல்லாம் கறி ஆறிற்று.

பதற்றத்தில் அவர் மேலேயே விட்டுவந்த வேதபுத்தகம் இன்னும் விரித்தபடி கிடக்கிறது. துரு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. போய் எடுத்துவர, விசுவாசமுள்ள ஓர் ஆளைக் கமிட்டி தேடிவருகிறது.