ஜெசிந்தா செய்த பறவை சி.டி.

2006-இல் செங்கல்பட்டுக் கல்லூரியில் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் இறுதியாண்டு ப்ராஜெக்டை யாரும் செய்யவில்லை, வாங்கினோம். எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துச் சென்னைக்குப் போனால், ப்ராஜெக்ட் விற்கும் சென்டர்களில் கறுப்பு அட்டை போட்ட அறிக்கையும் சி.டி.யும் கொடுத்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் ஒரு நூலக மென்பொருள் வாங்கி வந்தேன்.

படாளத்து ஜெசிந்தா மட்டும் எங்களோடு வரவில்லை.

“இன்னா ஜெசி, உனக்கு வேற வேலையில்லயா?” என்று கேட்டேன்.

“வாங்கினு வந்தா அது என்னுது ஆவுமா காசி?” என்றாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அம்மா ரெஜினாவுக்கு அரிசி ஆலையில் கூலி வேலை. தேறினால் சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் ஜெசிந்தாவுக்கு வேலை தயார்; ப்ராஜெக்டில் போனால் அந்த வேலையும் போச்சு. இருந்தும் மார்கழிக் குளிரில், சர்ச் பாட்டுக்குழுவின் டேப் ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சனிக்கிழமைதோறும் வேடந்தாங்கல் போனாள். பதிந்த சத்தங்களை லேபில் ஒயரைச் செருகிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். திரையில் ஏரி தெரியும்; எந்தப் பறவையைக் கிளிக் செய்தாலும் அதன் குரல் கேட்கும். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறாமைதான்.

வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் என்னை ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசையில் ஜெசிந்தாவின் திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இவ்வளவு நல்லா ஸ்டூடண்ட் செய்ய முடியாதும்மா. எந்த சென்டர்ல வாங்கின?”

“நானே செஞ்சது சார்.”

அவர் நத்தைகுத்தி நாரையைக் கிளிக் செய்தார். குரல் வரவில்லை, கட்டையைத் தட்டுகிற மாதிரி ‘டக் டக்’ என்றுதான் கேட்டது.

“சவுண்ட் ஃபைலே தப்பு. வாங்கினத ஒரு தடவ ஓட்டிக்கூடப் பாக்கல” என்று ஃபெயில் போடப் பேனாவைத் திறந்தார்.

ஜெசிந்தா திரையில் அந்த நாரையைச் சுட்டிக் காட்டினாள். பேச்சில் நடுக்கமில்லை. “சார், அந்த நாரை பெருசானப்புறம் கத்தாது. கூட்டுல அலகத்தான் தட்டும். மூணு வாரம் மரத்துக்கு எதிர்லயே உக்காந்துகினு இருந்தேன். மொத ரெண்டு வாரம் டேப்புல ஒண்ணுமே விழல.”

அவர் பேனாவை மூடினார். நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு பறவையாகக் கிளிக் செய்து கேட்டார். அரை மணி நேரம் ஆனது. எழுந்தபோது, “மன்னிச்சிக்கோம்மா” என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டார்.

எனக்கும் எண்பத்தெட்டு கிடைத்தது. எந்த சென்டரில் வாங்கினாய் என்று என்னைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு இதுவரை வந்ததில்லை.