காகிதப்பூவுக்கு அளந்த தண்ணீர்

செடி விற்கிற தொழிலில், வாங்கிப்போன செடி செத்துவிட்டால் ஆள் இன்னொன்று வாங்க வருவார். கொழுகொழுவென்று வளர்ந்து பூக்காமல் நின்றால்தான் சண்டைக்கு வருவார். என்னைப்போல் நர்சரி வைத்து அவஸ்தைப்படுகிறவர்களுக்கு இது தெரியும்.

பஸ் ஏறிய கொடி

கரமனையில் என் நர்சரிக்கு வலியசாலையிலிருந்து ஒரு சாரும் மாமியும் வந்தார்கள். சார் ரிட்டயர்டு ஆபீசர். சிரிப்பை ஆபீசிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தவர். மாமிதான் போகன்வில்லா என்கிற காகிதப்பூச் செடியைத் தொட்டுப் பார்த்தார். நான் வழக்கமான புளுகுச் சரக்கை எடுத்துவிட்டேன். இதன் தாய்க்கொடி, வாசலில் பிரேக்டவுனாகி நின்ற டவுன் பஸ்மேல் ஏறிவிட்டது. மெக்கானிக் வருவதற்குள் கூரை முழுக்கப் பூ. அப்புறம் பஸ்ஸோடு கிழக்கேகோட்டை வரை போய்த் திரும்பி வந்தது. சார் வாட்சைப் பார்த்தார். மாமி முகம் மாறாமல் கேட்டார்:

"கொடிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா, அண்ணாச்சி?"

இலையோ இலை

அடுத்த வருஷம் சார் தனியாக வந்தார். ஜன்னலை மறைக்கிற அளவுக்கு இலை, பேருக்கு ஒரு பூ இல்லை. தினமும் தண்ணீர் விடுகிறாராம். காகிதப்பூவைக் கொஞ்சினால் இலைதான் விடும், காயப்போட்டால்தான் பூக்கும். இலை துவண்டு தொங்குகிறவரை ஒரு சொட்டு விடாதீர்கள் என்றேன். மழை விட்டு வெயில் ஏறிய பிறகும் பூவில்லை என்று போனில் சத்தம் போட்டார். நேரில் போனேன். தொட்டி மண் சொதசொதவென்று இருந்தது.

கோபத்தோடு திரும்பினால், ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் மாமி. பாதியாகிப் போயிருந்தார். கிட்னி கெட்டு டயாலிசிஸ் நடக்கிறது. குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். படுத்தபடியே அந்தக் கொடி பூப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது மாமியின் ஆசை. சார் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"எங்காத்துல ரெண்டு பேர்ட்டயும் தண்ணி இல்லேன்னு சொல்ல என்னால முடியல, அண்ணாச்சி."

மாமியின் தீர்ப்பு

மாமியின் காது மட்டும் நன்றாக வேலை செய்தது. எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். தொட்டியை ஜன்னலுக்கு நேராக வெயிலில் இழுத்து வைக்கச் சொன்னார். தனக்கு அளக்கிற டம்ளரை சாரிடம் நீட்டினார்.

"அதுக்கும் இதுலயே அளங்கோ. யாரு முதல்ல வாடறான்னு நானும் பாக்கறேன்."

பூத்த சேதி

மாமியின் காவலில் சார் கைவரிசை எதுவும் நடக்கவில்லை. இலை தொங்கியது, பழுத்தது, கொட்டியது. அப்புறம் ஒரு நாள் காலையில் சார் என் நர்சரி வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். மாமியைப் பற்றிக் கேட்க எனக்குப் பயம். கடைசியில் அவரே சொன்னார்:

"ஜன்னல் பூரா பூவாக்கும். பஸ் எப்போ வரும்னு அவ கேட்டுண்டு வரச் சொன்னா."

பொய்யை நான் இன்றும் யாரிடமும் கூசாமல் சொல்வேன். தண்ணீரைக் குறையுங்கள் என்கிற உண்மையைத்தான், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்த பிறகு சொல்கிறேன்.